கொல்லைப்புறத்திற்கு ஏற்ற அடுப்பு எது?

நுரையீரல் நோயோ இதய நோயோ உள்ள ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, எந்த அடுப்பில், எவ்விடத்தில் சமைப்பது என்பதையும் குடும்பத்தினர் தீர்மானித்தல் வேண்டும். கூமாப்பட்டியிலும் சுற்றியுள்ள மலையடிவார ஊர்களிலும் தென்னை மட்டை, பாளை, சிரட்டை ஆகியவை எளிதில் கிடைக்கின்றன. ஆகவே எரிவாயு இணைப்பு உள்ள இல்லங்களிலும் வெந்நீர் வைக்கவும், விருந்து நாளில் கறி சமைக்கவும் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு எரிவதுண்டு. வெளியில் எரிவதால் தீங்கில்லை என எண்ணுவது சரியன்று.

புகை என்ன செய்கிறது?

விறகுப் புகையில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள்கள் உள்ளன. இவை தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆதலால், நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. திறந்த வெளியில் புகை விரைவில் கலைந்துவிடும். ஆனால் அடுப்பின் முன் குனிந்து ஊதுகுழலால் ஊதுபவரின் மூச்சில் அது கலையுமுன்பே நுழைந்துவிடுகிறது.

அடுப்பை மாற்றினால் பயன் உண்டா? தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் உள்ளடக்கி நான்கு நாடுகளில் கருவுற்ற பெண்களிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. விறகில் சமைத்தோர் சுவாசித்த காற்றில், கன மீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது. எரிவாயுவுக்கு மாறியோரிடம் அது 24 ஆகக் குறைந்தது. பிறந்த குழந்தையின் எடையில் வேறுபாடு காணப்படவில்லை எனினும், சுவாசிக்கும் புகை மூன்றில் ஒரு பங்காகியது தெளிவு.

அடுப்புகளை ஒப்பிடுவோம்

*விறகடுப்பு:* புகை மிகுதி. ஈர விறகும் பச்சை மட்டையும் இன்னும் மிகுதியாகப் புகையும். நெகிழிப் பையையோ இரப்பரையோ இட்டு மூட்டுதல் ஒருபோதும் கூடாது.

*புகைபோக்கி உள்ள அடுப்பு:* புகையைச் சமைப்பவரின் முகத்திலிருந்து விலக்கி மேலே அனுப்புகிறது, முற்றிலும் நீக்குவதில்லை. குழாயில் படியும் கரியை அவ்வப்போது அகற்றாவிடில் புகை மீண்டும் கீழிறங்கும்.

*கரி அடுப்பு, கறி சுடும் கிரில்:* கண்ணுக்குப் புகை குறைவாகவே தெரியும். எனினும் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளிப்படும். இது இரத்தத்தில் உயிர்வளிக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்ளும். மழைக்காகவோ குளிருக்காகவோ இவ்வடுப்பை அறைக்குள் கொண்டுவருதல் உயிருக்கே கேடாகும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே அனைவரும் திறந்த வெளிக்கு வந்து, 108-ஐ அழையுங்கள்.

*எரிவாயு அடுப்பு:* துகள் மிகக் குறைவு. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் இதனை ஏழை இல்லங்களுக்கும் கொண்டுசென்றது. கசியும் வாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு தேங்கும். ஆகவே கீழ்ப்பகுதியிலும் காற்றோட்டம் தேவை.

*மின் அடுப்பு:* சுடரும் இல்லை, எரிபொருள் புகையும் இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பாயின், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் இரண்டடியேனும் விலகி நிற்க வேண்டும்.

நோயாளி உள்ள இல்லத்தில்

1. அன்றாடச் சமையலுக்கு எரிவாயு அல்லது மின் அடுப்பையே பயன்படுத்துங்கள். இணைப்பு இருந்தும் நாள்தோறும் விறகு எரியுமாயின் பயன் குறைந்துவிடும்.
2. விறகு தவிர்க்க இயலாத நாளில் நன்கு உலர்ந்ததை எரியுங்கள். நோயாளி அடுப்பருகே அமர வேண்டாம். காற்று வீட்டை நோக்கி வீசினால் அப்பக்கச் சன்னலை மூடுங்கள்.
3. ஆக்சிஜன் பெறுபவர் எந்தச் சுடரிலிருந்தும் பத்தடி தொலைவில் இருத்தல் வேண்டும்.
4. கறியைத் தணலில் சுடும்போது கொழுப்பை நீக்கி, கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள்.

சிந்திக்க

நம் இல்லத்தில் அடுப்பின் முன் நாள்தோறும் அமர்பவர் யார்? புகை எந்த அறைக்குள் செல்கிறது? இருமலோ மூச்சுத்திணறலோ சமையல் நேரத்தில் கூடுகிறதா? இவற்றுக்கான விடைகளை அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் கூறுங்கள். அவை சிகிச்சைக்கு உதவும்.