சொல் அறிவோம்: ‘அப்ஸ்கொண்ட்’



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் ஆங்கிலக் கடிதம் ஒன்றை எம்மிடம் கொண்டு வந்தார். அவருடைய மகன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை செய்தவர். கடிதத்தில் இருந்த ஒரு சொல்லை லயத்தில் யாரோ பார்த்துவிட்டு, “பையன் கடைச் சல்லியத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான்” என்று சொல்லிவிட்டார்கள். “ஐயா, எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லீங்க” என்று அந்தத் தாய் அழுதார். இரண்டு நாளாக வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

அந்தச் சொல்தான் ‘அப்ஸ்கொண்ட்’. அதன் பொருள் என்ன? இந்த மாதம் அதைப் படிப்போம்.

இது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ‘அப்ஸ்’ என்றால் அப்பால். ‘கொண்டெரே’ என்றால் சேர்த்து வைத்தல். இரண்டும் சேர்ந்து, கண்ணுக்கு அப்பால் ஒளித்து வைத்தல் என்று பொருள் தந்தன. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. சட்டத்துக்கோ கடனுக்கோ பொறுப்புக்கோ பயந்து, பிடிபடாமல் இருக்க இரகசியமாகப் போய் ஒளிவதை அது குறித்தது. ஆகவே இதில் ஓட்டத்தை விட ஒளிவே முக்கியம். எமது தமிழில் ‘தலைமறைவு’ என்கிறோமே, அதுதான் சரியான சொல். அதிலும் மறைவுதான் இருக்கிறது.

ஓடிப்போவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உண்டு. அதில் ஒன்று எமது முன்னோர் மேல் ஒட்டப்பட்ட சொல்: ‘போல்ட்’. ஆம், நட்டும் போல்ட்டும் என்கிறோமே, அதே சொல்தான். ஆதியில் அது வில்லிலிருந்து பாயும் கட்டையான அம்பின் பெயர். அம்பு போலத் திடீரென்று பாய்வதால், மிரண்டு ஓடும் குதிரையையும் அப்படிச் சொன்னார்கள். பிறகு தோட்டத்தை விட்டு இரவோடு இரவாகப் போன தொழிலாளியையும் ஆங்கிலத் துரைமார் அப்படியே சொன்னார்கள்.

ஏன் போனார்கள்? கடன். கங்காணி கொடுத்த முற்பணம் அவர்கள் தலையில் இருந்தது. அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போவது கஷ்டம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால் சிறைக்கும் அனுப்பலாம். துண்டு முறை 1921இல் தடை செய்யப்பட்டது. இன்று வேலையை விட்டுப் போவது குற்றமல்ல. ஆனால் ‘ஓடிப் போனவன்’ என்ற பேச்சு மட்டும் இன்னும் சாகவில்லை.

இனி அந்தப் பையனின் கதைக்கு வருவோம். நாம் விசாரித்தபோது, அவர் கொட்டாஞ்சேனையில் கூட்டாளி ஒருவரின் அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தார். கூட வேலை செய்தவரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவர் முதலாளியிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம். சல்லியும் இல்லை, களவும் இல்லை. கடிதத்திலும் களவு என்று ஒரு சொல்கூட இல்லை.

மருத்துவச் சான்றிதழோடு பதில் எழுதினோம். அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் வேலை செய்த நாட்களுக்குரிய சம்பளம் கைக்கு வந்தது. பிள்ளையின் பெயரும் தப்பியது. அந்தத் தாய்க்கு அது பெரிது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? முதலாளி எழுதும் சொல் அவருடைய முறைப்பாடு மட்டுமே. அது தீர்ப்பு அல்ல. வேலையைக் கைவிட்டார் என்று சொல்வதற்கு ஆள் வராமல் இருந்தது மட்டும் போதாது, திரும்பி வராத எண்ணமும் இருக்க வேண்டும் என்று எமது நாட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஒளியாதவரைத் தலைமறைவானவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒளியவில்லை என்பதைக் காட்ட எழுத்து வேண்டும்.

எனவே கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லி வையுங்கள். சுகமில்லையென்றால் அன்றைக்கே முதலாளிக்கு நேரடியாக அறிவிக்க வேண்டும். மருந்துத் துண்டைப் பத்திரமாக வைக்க வேண்டும். வேலையை விடுவதானால் கடிதம் கொடுத்துவிட்டு விட வேண்டும். இப்படி ஒரு கடிதம் வந்தால் பதிவுத் தபாலில் பதில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் தர மறுத்தால் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறையிடலாம். சேமலாப நிதிப் பணமும் பிள்ளையுடையதே.

கடைசியாக ஒன்று. விளங்காத கடிதம் வந்தால் லயத்தில் ஊகித்து அழ வேண்டாம். எம்மிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.