சலைன் ட்யூபிலிருந்து உடம்புக்குள் போவது என்ன?

நம்பிக்கை: “ஆஸ்பத்திரி ட்யூப் சுத்தமான பிளாஸ்டிக். அதிலிருந்து எதுவும் உடம்புக்குள் போகாது.”

போகும். ஐ.வி. செட், ரத்தப் பை, மூக்கு வழியாக உணவு செலுத்தும் ட்யூப் எனப் பலவற்றையும் பி.வி.சி.யில்தான் செய்கிறார்கள். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுதான். அதை வளைந்து கொடுக்க வைப்பது டி.இ.எச்.பி. என்ற எண்ணெய் போன்ற திரவம். ரத்தப் பையின் எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை இதுவே. பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பு இல்லாமல் நடுவே தங்கியிருப்பதால், மெல்ல வெளியேறிவிடுகிறது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸுக்கு இது விரல்களிலேயே தெரியும். போடும்போது துவண்டு கிடந்த பி.வி.சி. ட்யூப், சில நாள் கழித்து எடுக்கும்போது விறைத்துப் போயிருக்கும். ட்யூப் இழந்த திரவத்தில் ஒரு பங்கு குழந்தையின் வயிற்றுக்குள் சேர்ந்திருக்கும்.

இது இன்று நேற்று தெரிந்ததல்ல. பையில் சேமித்த ரத்தத்தில் டி.இ.எச்.பி. கலந்திருப்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரூடால்ஃப் ஜேகர், ராபர்ட் ரூபின் இருவரும் 1970-லேயே வெளியிட்டார்கள்.

நம்பிக்கை: “அப்படியானால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினாலே விஷம்தான்.”

இதுவும் தவறு. டி.இ.எச்.பி. தண்ணீரில் கரைவது அரிது. கொழுப்பில் தாராளமாகக் கரையும். சலைனிலும் குளுக்கோஸிலும் சேர்வது மிகச் சொற்பம். நம் ஊர் ஸ்டாண்டில் தொங்கும் பாட்டில் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். அதற்கு டி.இ.எச்.பி.யே தேவையில்லை. உள்ளே வந்ததிலும் பெரும்பகுதியைப் பெரியவர்களின் உடல் ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேற்றிவிடும்.

ஓடுகிற திரவத்தில் எண்ணெய்த் தன்மை இருந்தால்தான் சிக்கல். பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தைக் கரைக்க, ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரித்த கரைப்பான் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது டி.இ.எச்.பி.யை இழுத்துக்கொண்டு வரும் என்பதால், பி.வி.சி. பையும் செட்டும் வேண்டாமென்று மருந்தின் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ரத்தம், நரம்பு வழியே ஏற்றும் கொழுப்புச் சத்து, இதய, நுரையீரல் வேலையைச் செய்யும் எக்மோ கருவி ஆகியவற்றிலும் கவனம் தேவை.

உண்மையாகக் கவலைப்பட வேண்டியது பிஞ்சுகளைப் பற்றித்தான். ஒரு கிலோ எடைகூட இல்லாத உடம்பில் ஒரே நேரத்தில் பல ட்யூப்கள், வாரக்கணக்கில் இருக்கும். பாஸ்டன் நகரின் இரண்டு மருத்துவமனைகளில் 54 பச்சிளங் குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு 2005-ல் வந்தது. இத்தகைய சாதனங்கள் மிகுதியாகத் தேவைப்பட்ட குழந்தைகளின் சிறுநீரில், டி.இ.எச்.பி. உடைந்து உண்டாகும் எம்.இ.எச்.பி. என்ற பொருள், குறைவாகத் தேவைப்பட்ட குழந்தைகளைவிட ஏறக்குறைய 5 மடங்கு இருந்தது. எலிகளில் இந்தப் பொருள் ஆண் குட்டிகளின் விரை வளர்ச்சியைக் கெடுக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2002-ல், ஆண் சிசுக்களுக்கும் ஆண் கருவைச் சுமக்கும் பெண்களுக்கும் மாற்றுச் சாதனங்களைப் பரிசீலிக்கச் சொன்னது இதனால்தான். பிரான்ஸ் ஒரு படி மேலே போய், குழந்தைகள், பச்சிளங் குழந்தைகள், மகப்பேறு வார்டுகளில் டி.இ.எச்.பி. சேர்த்த ட்யூப்களை 2015 ஜூலை முதல் தடை செய்தது.

நம்பிக்கை: “இதனால் புற்றுநோய் வருவது நிரூபணமாகிவிட்டது.”

மனிதர்களில் நிரூபணமாகவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை ‘வாய்ப்பிருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. விலங்குகளில் கிடைத்த சான்றுகளே அதற்கு அடிப்படை.

நம்பிக்கை: “எல்லாம் தெரிந்தும் அடியோடு தடை செய்யாததற்குக் காரணம் கம்பெனிகளின் லாபம் மட்டும்தான்.”

ரத்தப் பையில் ஒரு மருத்துவக் காரணமும் இருக்கிறது. பையிலிருந்து கசியும் டி.இ.எச்.பி. சிவப்பணுக்களின் சவ்வைக் காக்கிறது. அணுக்கள் உடைவது குறைகிறது. ரத்தத்தை 42 நாள் வரை வைத்திருக்க முடிவதில் அதற்கும் பங்குண்டு. டி.இ.எச்.பி.யைத் தடை செய்ய 2024-ல் சட்டம் இயற்றிய கலிஃபோர்னியா, ட்ரிப்ஸ் பைகளுக்கு 2030, ட்யூப்களுக்கு 2035 என்று கெடு வைத்துவிட்டு, ரத்தப் பைகளுக்கு விலக்கு அளித்தது.

ஆனால் சிசுவின் மூக்கில் போடும் ட்யூபுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. சிலிக்கோன், பாலியூரித்தேன் ட்யூப்கள் எப்போதோ வந்துவிட்டன, ‘டி.இ.எச்.பி. ஃப்ரீ’ என்று உறையில் அச்சிட்ட செட்களும் கிடைக்கின்றன. குழந்தை என்.ஐ.சி.யு. எனும் பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது பெற்றோர் பயந்துபோய்ச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. ட்யூப் இல்லாவிட்டால் பால் இறங்காது, மருந்து ஏறாது. டி.இ.எச்.பி. இல்லாத ட்யூப் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கலாம், தயங்காமல் கேட்க வேண்டும்.