இயங்குதளம் மாறியபின் சாளரங்களை இடமறிந்து நிறுத்தல்

குடிபெயர்ந்தோர் புதுவீட்டில் முதற்கண் செய்யும் வேலை, பொருள்களை இடமறிந்து வைத்தலேயாம். விளக்கு எங்கே, நூலடுக்கு எங்கே என்பது கைக்குப் பழகும்வரை அவ்வீடு அவர்க்கு அயல்வீடே. கணினியில் ஓர் இயங்குதளத்தை விட்டு மற்றொன்றிற் புகுவார் நிலையும் இத்தன்மையதே.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதனை ஆக்கிய நிறுவனத்தார் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு வேண்டிய உறுப்புக்கள் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. ஆதலின் அவற்றை உடையார் பலர் லினக்ஸ் இயங்குதளத்தை நாடினர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாமும் அவருள் அடங்குவோம். யாம் தெரிந்துகொண்டது, கே.டி.இ. பிளாஸ்மா என்னும் திரைச்சூழலை உடைய லினக்ஸ் ஆகும்.

மூலத்தை இடப்பக்கத்தும் உரையை வலப்பக்கத்தும் நிறுத்தி ஒப்புநோக்கிப் படித்தல் எமது அன்றாட வேலை. பழைய தளத்தில், ஒருமுறை அமைத்த சாளரம் மறுநாளும் அவ்விடத்தே தோன்றும். புதிய தளத்திலோ, சாளரங்கள் தம் அளவு மாறாது வந்தும், இடம் மட்டும் மாறித் தோன்றின. எம்மில் பெரும்பாலார்க்கு இஃது ஒரு சிறு தொல்லையே. ஆயின் எம் வகுப்பு நண்பர் ஒருவர்க்கு வலக்கண் பார்வை மிகக் குறைவு. படிக்கவேண்டியது திரையின் இடப்பக்கத்தில், பெரிய எழுத்தில் நின்றாலன்றி அவர்க்குப் படித்தல் அரிது. கட்டுரை ஒப்படைக்கவேண்டிய நாளன்று சாளரங்களைத் தேடித் தேடி அயர்ந்த அவர், "எனக்குப் பழையதே போதும், அதனையே மீண்டும் அமைத்துத் தாருங்கள்" என்றார். பாதுகாப்புத் திருத்தங்கள் வாராது நின்றுபோன தளத்திற்கு ஒருவரைத் திருப்பி அனுப்புதல் நன்றன்று எனக் கருதி, யாம் காரணத்தை ஆராயப் புகுந்தோம். அறிந்தவற்றை, எம்மைப் போன்று இடர்ப்படுவார்க்கு உதவுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

இடத்தை நினைவிற் கொள்வது யார்?

விண்டோஸில், ஒரு செயலி தான் நிற்கும் இடத்தையும் தன் அளவையும் இயங்குதளத்தைக் கேட்டு அறியலாம். மூடும்பொழுது அவற்றைக் குறித்துவைத்து, மீண்டும் திறக்கும்பொழுது அவ்விடத்தையே கோரிப் பெறலாம். ஆகவே அங்கு நினைவு பெரும்பான்மையும் செயலியினுடையது.

லினக்ஸின் வரலாறு வேறு. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் சாளர முறையிலே, சாளரத்தின் உள்ளே எழுதுவது செயலியின் தொழில். அச்சாளரத்தைத் திரையில் நிறுத்துவது சாளர மேலாளர் என்னும் வேறொரு நிரலின் தொழில். எனினும் செயலி தனக்கு வேண்டிய இடத்தைக் கேட்கலாம். மேலாளரும் பெரும்பாலும் அதற்கு இசையும். ஆனால் அம்முறையில் ஒரு செயலி பிற செயலிகளின் சாளரங்களை எட்டிப் பார்ப்பதற்கும், பிறிதொன்றில் தட்டப்படும் எழுத்துக்களை ஒற்றறிவதற்கும் இடமிருந்தது.

2008-இல் தொடங்கப்பெற்ற வேலேண்டு என்னும் முறை இவ்வாயிலை அடைத்தது. இதன்கண் ஒரு சாதாரணச் செயலி, திரையில் தான் எங்கு நிற்கின்றது என்பதனை அறியாது. இன்ன இடத்தில் தன்னை நிறுத்துமாறு கேட்பதற்கும் அதற்குப் பொதுவழி இல்லை. தன் அளவை மட்டும் அது தானே வகுத்துக்கொள்ளும். யாம் கண்ட புதுமைக்கு விடை இதுவே. அளவு செயலியின் நினைவில் இருந்தது. இடமோ அதற்குத் தெரிந்திலது.

இலக்கணம் பயில்வார்க்கு விளங்கக் கூறின், வினை மாறவில்லை, வினைமுதல் மாறிற்று எனலாம். செயலியின் அமைப்புக்களில் எத்துணை நேரம் தேடினும் பயனில்லை. மேலாளரையே கேட்டல் வேண்டும்.

உடனே செய்யத்தக்கவை

விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை அழுத்திக்கொண்டு இட அம்பு விசையைத் தட்டின், சாளரம் திரையின் இடப்பாதியிற் சென்று அமையும். வல அம்பு விசைக்கு வலப்பாதியில் அமையும். 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதலாக அங்கும் இதுவே வழக்காதலின், பழைய பழக்கம் இங்கும் கைகொடுக்கும். அதே விசையுடன் சுட்டியின் இடப்பொத்தானை அழுத்தி இழுத்தால், சாளரத்தின் எப்பகுதியைப் பற்றியும் நகர்த்தலாம். வலப்பொத்தானை அழுத்தி இழுத்தால் அளவை மாற்றலாம். சாளரம் திரைக்கு வெளியே சென்று மறைந்ததாயின், ஆல்ட் விசையுடன் எஃப் 3 விசையை அழுத்த ஒரு பட்டியல் தோன்றும். அதில் நகர்த்தும் கட்டளையைத் தேர்ந்து, அம்பு விசைகளால் மீட்கலாம்.

நிலையான விதி வகுத்தல்

சாளரம் நாடோறும் தன்னிடத்தே தோன்றவேண்டுமாயின் மேலாளர்க்கு விதி வகுத்தல் வேண்டும். சாளரத்தின் தலைப்புப் பட்டியை வலப்பொத்தானால் அழுத்தி, மேலும் உள்ள செயல்கள் என்னும் பகுதியில், அச்சாளரத்திற்குரிய சிறப்பு அமைப்பைத் திறக்க. அங்கே இடம், அளவு என்னும் இரு பண்புகளைச் சேர்க்க. ஒவ்வொன்றிற்கும் அது செல்லும் வகையைத் தேர்தல் வேண்டும். அவற்றுள் மூன்று அறியத்தக்கன. தொடக்கத்தில் மட்டும் செல்லும் விதி, சாளரம் திறக்கும்போது நிறுத்திப் பின் நம் விருப்பிற்கு விட்டுவிடும். நினைவிற் கொள்ளும் விதி, மூடும்போது நின்ற இடத்தை மறுமுறை தரும். வலிந்து நிறுத்தும் விதியோ, நாமே விரும்பினும் நகர்த்தவொட்டாது. பெரும்பாலார்க்கு முதலிரண்டனுள் ஒன்றே தக்கது.

இடம் என்பது திரையின் இடப்பக்க மேல்மூலையிலிருந்து எண்ணப்படும். 1366 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமும் உடைய திரையில், கீழ்ப்பட்டிக்கு 48 புள்ளி விடின் எஞ்சும் உயரம் 720. ஆகவே முதற்சாளரத்தின் இடம் 0, 0. இரண்டாவதன் இடம் 683, 0. இரண்டிற்கும் அளவு 683, 720.

யாம் இழைத்த இரண்டு பிழைகளையும் கூறிவிடுதல் நலம். செயலி முழுமைக்குமாக விதி வகுத்தமையால், சொல் தேடும் சிறு பெட்டியும் பாதித்திரை அளவில் வந்து நின்றது. சாளர வகை என்னும் இடத்தில், விதி இயல்பான சாளரத்திற்கு மட்டுமே உரியது எனக் குறித்தபின் அது நீங்கிற்று. மற்றொன்று எம் நண்பர் கணினியில் நேர்ந்தது. அவர் திரையை 125 விழுக்காடாகப் பெருக்கியிருந்தார். அந்நிலையில் வேலேண்டு முறையிற் கணக்கிடப்படும் அகலம் 1366 அன்று. ஏறத்தாழ 1093 ஆகும். யாமோ 683 என்றே இட்டோம். உரைச்சாளரத்தின் வலப்பகுதி திரைக்கு வெளியே போயிற்று. நன்கு காணும் கண்ணினரின் கணக்கை அவர் திரைக்கும் இட்டது எமது பிழையே. பாதி அகலம் 546 எனத் திருத்தியபின் இரண்டும் ஒழுங்காயின.

இவ்விதிகளைக் கோப்பாக வெளியே எடுத்து, வேறு கணினியிற் சேர்க்கவும் கூடும். அங்ஙனம் செய்வார், அக்கணினியின் திரை அளவையும் பெருக்கத்தையும் முதலில் நோக்குதல் கடன்.

இப்பொழுது எம் நண்பர் கணினியைத் திறந்தால் மூலம் இடப்பக்கத்தே பெரிய எழுத்தில் நிற்கின்றது. பழையதை அவர் மீண்டும் கேட்டிலர். புதிய தளம் நம்மை மதியாது என்று வைதுகொண்டிருந்த நாட்களில், அது நம்மைக் காக்கும்பொருட்டே செயலிகளின் உரிமையைக் குறைத்தது என்பதை யாம் அறிந்திலேம். கல்லூரியில் இவ்வாண்டு தளம் மாறும் மாணவ நண்பர்கள், தம் பக்கத்திருப்பவர் திரையையும் ஒருமுறை நோக்கி, அவர்க்கு வேண்டிய விதியையும் வகுத்துக் கொடுப்பார்களாக.