பதினொரு மணிக்கு டையிங்கிலிருந்து போன் வரும்: பனியன் கம்பெனியில் ஒரு நாளைத் திட்டமிட

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே உருவாவது அபூர்வம். நூல் ஒரு மில்லில் இருந்து வரும். நிட்டிங் ஒரு ஷெட்டில் ஓடும். டையிங் வீரபாண்டியிலோ அருள்புரத்திலோ நடக்கும். காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று ஒவ்வொன்றும் வேறு வேறு ஜாப் ஒர்க்காரர் கையில். காலையில் மெர்ச்சண்டைசரோ புரொடக்‌ஷன் மேனேஜரோ டைரியில் எழுதும் வேலைகளில் பாதி, அடுத்தவர் வாசலில் நிற்பவை.

அதனால் குறுக்கீடே இல்லாத நாளை எதிர்பார்த்துப் போடும் திட்டம் இங்கே மதியம் வரைகூடத் தாங்காது. குறுக்கீடு வந்தால் எந்த வேலை நகரும், எது நகராது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. திரும்ப முடியாத வேலைக்கு மட்டும் நேரம் குறியுங்கள். நூலை வேறு ஆர்டருக்கு மாற்றலாம். சாயம் ஏறாத கிரே துணியையும் மாற்றலாம். சாயம் ஏறிவிட்டால் துணி அந்த நிறத்துக்குக் கட்டுப்பட்டது. வெட்டிவிட்டால் அந்த அளவுக்கும் கட்டுப்பட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனபோது, ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொன்ன பையர்கள் உண்டு. அப்படி ஒரு மெயில் வரும்போது சரக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் நஷ்டத்தின் அளவைச் சொல்லும். அன்றாட வேலையிலும் இதே கணக்குதான். கட்டிங் ஒப்புதல், டையிங்குக்கு நிறம் உறுதி செய்வது, கன்டெய்னர் ஏற்றுவது: இந்த மூன்றுக்கும் மணி குறித்துப் பூட்டிவிடுங்கள். ஃபைல் வேலை, சாம்பிள் பின்தொடர்தல், கொட்டேஷன் எல்லாம் முன்னே பின்னே நகரட்டும்.

2. குறுக்கீடு வரும் நேரத்தைத் தெரிந்து காலியாக விடுங்கள். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. நியூயார்க்கில் 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. ஐரோப்பிய பையரின் கமெண்ட் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி வரும்; அமெரிக்க மெயில் ராத்திரியே வந்து காலையில் காத்திருக்கும். ஐரோப்பிய ஆர்டர் பார்ப்பவர் மதியம் 2 முதல் 3.30 வரை எதையும் எழுதாமல் விடுங்கள். மூளையைக் கேட்கும் வேலையைக் காலை பத்தரைக்குள் முடித்துவிடுங்கள்.

3. வந்ததை இரண்டு கேள்வியில் பிரியுங்கள். இதனால் லைன் நிற்குமா? கன்டெய்னர் தவறுமா? ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்திருங்கள். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் பேப்பரில் குறித்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

4. துணி இறங்கியதும் பாருங்கள். இந்தக் குறுக்கீட்டை மட்டும் ஒத்திப் போடக்கூடாது. வண்டி வந்ததும் சில ரோல்களில் வட்டக் கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டித் தராசில் போடுங்கள். 1.80 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு 180 கிராம், அதாவது 180 ஜிஎஸ்எம். பையர் 5 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதித்தால் 171 முதல் 189 வரை சரி. 1.66 காட்டினால் அந்த நிமிடமே காம்பாக்டிங்குக்குப் போன் போடலாம். துணி இன்னும் முழுசாக இருக்கிறது. கட்டிங் டேபிளில் அடுக்கு விரித்து வெட்டிய பிறகு தெரிந்தால் பேச ஒன்றும் இல்லை.

5. லைனுக்கு ஒரு மாற்று வேலை வைத்திருங்கள். காலர் ரிப் வரவில்லை, பிரிண்டிங் பீஸ் திரும்பவில்லை என்றால் பவர் டேபிளில் டெய்லரும் அவருக்கு உதவும் கைமடியும் சும்மா உட்கார வேண்டியிருக்கும். வெட்டி, கட்டுப் போட்டு, லேபிளும் நூலும் சேர்த்துவைத்த இன்னொரு ஸ்டைல் அரை நாளைக்காவது தயாராக இருக்கட்டும்.

6. தெரிந்தே வருவதைக் காலண்டரில் ஏற்றுங்கள். பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பேப்பரில் முன்பே வந்துவிடும். சனிக்கிழமை சம்பள நாள். தீபாவளி, பொங்கலுக்கு ஊர் காலியாகும். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கும். யார் டிக்கெட் போட்டிருக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் கேட்டு வைத்தால் போதும்.

7. நாலு மணி டீக்கு ஒருமுறை திருத்துங்கள். நாள் முழுக்கத் திட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கட்டிங் மாஸ்டர் ஒன்று செய்வார், பேக்கிங் ஒன்று செய்யும். ஒருமுறை உட்கார்ந்து முடிந்ததை அடியுங்கள், மீதியை நாளைக்கு நகர்த்துங்கள், மாறியதைச் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

1. காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை கட்டம் கட்டி நிரப்பாதீர்கள். எட்டு மணி நேர வேலை நாளில் ஆறு மணி நேரத்துக்கான வேலையை மட்டும் எழுதுங்கள். மீதியை டையிங்காரர் எடுத்துக்கொள்வார்.

2. காலி நேரத்தை நிரப்ப, ஒப்புதல் வராத துணியை வெட்டாதீர்கள். “எப்படியும் ஓகே ஆயிடும்” என்று தொடங்கிய கட்டிங், ஷேட் ரிஜெக்ட் ஆனதும் ஸ்டாக் லாட்டாகக் காதர்பேட்டைச் சந்தைக்குத்தான் போகும்.

3. போன நேரத்தைத் துணியின் ஓய்வைக் குறைத்து ஈடுகட்டாதீர்கள். ரோலில் துணி இழுபட்டிருக்கும். லைக்ரா கலந்ததை விரித்து 24 மணி நேரம் கிடத்துவது வழக்கம். அவசரத்தில் அதைத் தாண்டி வெட்டினால் பீஸ் பிறகு சுருங்கி, மீடியம் ஸ்மால் ஆகும்.

4. வாட்ஸ்அப் சத்தத்துக்கெல்லாம் எழாதீர்கள். குரூப் செய்தியை மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அவசரம் என்றால் போன் செய்யட்டும் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

5. பையரிடம் “நாளைக்கு ரெடி” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். எது தாமதம், எந்த நிலையில் நிற்கிறது, எந்தத் தேதி நிச்சயம் என்று மூன்று வரியில் எழுதுங்கள். முன்பே சொன்ன தாமதத்துக்குத் தேதி நீட்டிப்புக் கேட்கலாம். கடைசி நாளில் சொன்னால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில்தான் விழும்.

6. ஒரே சாயப்பட்டறையை நம்பி எல்லா லாட்டையும் போடாதீர்கள். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, துணியை வெளி மாநிலங்களுக்கு ஏற்றி சாயம் போட்டு வர வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய அடி தினமும் வராது. ஆனால் ஒரு பாய்லர் பழுதானாலே ஒரு வாரம் போய்விடும். இரண்டாவது ஆளுக்கும் அவ்வப்போது லாட் கொடுத்துப் பழக்கம் வைத்திருங்கள்.

7. தவறிய மணி நேரத்தையெல்லாம் டெய்லரின் ராத்திரியில் இருந்து எடுக்காதீர்கள். ஒன்றரை ஷிப்ட் நம் ஊருக்குப் பழகிப்போனதால், “இன்னிக்கு எட்டரை வரைக்கும் இருங்க” என்று ஐந்து மணிக்குச் சொல்வது சுலபம். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைக்க வேண்டியவருக்கும், கம்பெனி பஸ்ஸில் கிராமத்துக்குத் திரும்புகிறவருக்கும் அது அவ்வளவு சுலபமில்லை. மிகை நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிய விதி. வேறு வழியே இல்லையென்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன் கேளுங்கள், முடியாது என்பவரை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் காரணத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே மாதத்தில் ஒரே காரணம் மூன்று தடவை வந்தால் அதை இனி திடீர் வேலை என்று சொல்லாதீர்கள். அடுத்த மாதத் திட்டத்தில் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.