ரிப்போர்ட்டில் வராத திருட்டு

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வேட்டின் பிளேஜியரிசம் ரிப்போர்ட்டில் ஒப்புமை 23 சதவீதம் வந்துவிட்டது என்றும், பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள டி.டி.பி. கடையில் பணம் கொடுத்தால் பத்துக்குக் கீழே இறக்கித் தருகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடைப் பக்கமே போகாதே. அவர்கள் சொற்களை மாற்றிப் போடுவார்கள். கருத்து பிறருடையதாகவே இருக்கும். கவனக்குறைவால் நேர்ந்ததைத் தெரிந்தே செய்த திருட்டாக மாற்றிக்கொள்ளக் காசு வேறு கொடுப்பானேன்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை முழுதாகப் படி. 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். முறையாகக் குறிப்பிட்ட மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேரக்கூடாது. உன் 23இல் அவை எவ்வளவு என்று முதலில் பார். மிச்சத்தை ஒவ்வொரு பத்தியாக நீயே திருத்து.

எனக்குப் பெரிய கவலை, மென்பொருள் பிடிக்காததைப் பற்றித்தான். ஆங்கில நூலிலிருந்து மொழிபெயர்த்து எடுத்த பத்தி, இணையத்தில் ஏறாத பழைய பதிப்பின் முன்னுரை, நூலக அலமாரியில் தட்டச்சுப் படியாகக் கிடக்கும் யாரோ ஒருவரின் எம்.ஃபில். ஆய்வேடு: இவற்றிலிருந்து எடுத்தால் ரிப்போர்ட் சுத்தமாகவே வரும். தமிழ் ஆய்வில் அதிகம் பறிபோவது இப்படித்தான். ஊர் ஊராகப் போய்த் தரவு சேர்த்தவரின் பெயர் ஓர் அடிக்குறிப்பில்கூட இல்லாமல் போய்விடுகிறது. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு தந்தவர்களைப் பெயர் சொல்லி எழுதிவைத்தார். நமக்கு முன்னால் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, தம்பி.

தவறு பெரும்பாலும் குறிப்பேட்டில்தான் தொடங்குகிறது. நூலிலிருந்து வரியை அப்படியே எடுத்தால் அப்போதே மேற்கோள்குறி போட்டுப் பக்க எண்ணையும் எழுதிவிடு. உனக்குத் தோன்றியதை வேறு மையில் எழுது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எது யாருடையது என்று உனக்கே தெரியாது. உன் பழைய கட்டுரையிலிருந்து எடுத்தாலும் அதைக் குறிப்பிட வேண்டும்.

உன் தோழியின் கட்டுரை வேறொருவர் பெயரில் வந்திருக்கிறது என்றாயே, அதை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்று சொல். இரண்டு கட்டுரைகளையும் பத்திக்குப் பத்தி அருகருகே வைத்து, தன்னுடையது முதலில் வெளிவந்த தேதியோடு இதழாசிரியருக்கு எழுதட்டும். நேர்மையான இதழ் என்றால் ஆசிரியர் அந்தக் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்பார். அது சரியில்லை என்றால் அவருடைய நிறுவனத்துக்கு எழுதுவார். எதிராளி பெரிய பதவியில் இருக்கிறாரே என்று அவள் பயப்பட வேண்டாம். 2002இல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதே இப்படிப் புகார் எழுந்தது. ஸ்டான்போர்டு இயற்பியலாளர் ரெனாட்டா காலோஷின் கட்டுரையைத் தம்முடையதுபோல எடுத்துக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. ஸ்டான்போர்டு அறிவியலாளர்கள் அப்போதைய குடியரசுத் தலைவர் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணைக்குப் பின் 2003இல் அந்தத் துணைவேந்தர் பதவி விலகினார்.

மூன்றாம் இயலை எனக்கு அனுப்பு. மூலநூல்களின் பக்கங்களையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்பு, ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் உன் நெறியாளரிடம் 23 என்ற கணக்கை நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்