கன்பூசியசும் அரியணையும்

கன்பூசியஸ் என்பது சீனப் பெயரன்று. 'குங் ஃபூட்ஸு', அதாவது குங் ஆசான், என்று சீனர் வழங்கிய பெயரை, அந்நாட்டிற்குச் சென்ற இயேசு சபைக் குருக்கள் இலத்தீன் மொழிக்கேற்ப மாற்றி எழுதினர். அவ்வடிவமே உலகெங்கும் பரவியது.

கி.மு. 551இல் லூ என்னும் சிறிய நாட்டில் அவர் பிறந்தார். சூ மரபு மன்னன் பெயரளவில் மட்டும் ஆண்ட காலம் அது. சிற்றரசர்கள் ஒருவரையொருவர் விழுங்கிக்கொண்டிருந்தனர். தண்டனைக்கு அஞ்சும் குடிமக்கள் அதிலிருந்து தப்பத்தான் கற்பார்கள், தவறு செய்ய வெட்கப்படக் கற்கமாட்டார்கள். ஆகவே ஆள்பவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் போதனை. நாடு நாடாகச் சென்று இதைச் சொன்னார். ஏற்று நடக்க எந்த அரசனும் முன்வரவில்லை. கி.மு. 479இல் அவர் இறந்தபோது அவருடைய செல்வம் அவருடைய மாணவர்களே.

வெற்றி பெற்றதோ நேர் எதிரான கொள்கை. மேற்கே இருந்த சின் நாட்டில் ஷாங் யாங் என்னும் அமைச்சர், குடும்பங்களை ஐந்தைந்தாகவும் பத்துப் பத்தாகவும் பிணைத்து, அண்டை வீட்டான் குற்றத்தை மறைத்தவனுக்கும் தண்டனை என்று சட்டம் செய்தார். இந்த இரும்புப் பிடியின் வலிமையால் கி.மு. 221இல் சின் அரசன் மற்ற நாடுகளை எல்லாம் வென்று முதற் பேரரசன் ஆனான். எழுத்தும் எடையும் அளவும் ஒரே சீராயின. வண்டி அச்சின் நீளம்கூடத் தப்பவில்லை! இது சிறிய சாதனையன்று. ஆனால் பழைய நூல்களை மேற்கோள் காட்டிப் புதிய ஆட்சியைக் குறை கூறுவோரை அவன் பொறுக்கவில்லை. கி.மு. 213இல், லீ ஸு என்ற அமைச்சரின் யோசனைப்படி, மக்களிடம் இருந்த பழம்பாடல்களும் வரலாற்று ஏடுகளும் தீக்கிரையாயின. மருத்துவம், குறி பார்த்தல், உழவு ஆகியவை பற்றிய நூல்களுக்கு மட்டும் விலக்கு. அரசவை அறிஞரிடம் இருந்த படிகளை அவன் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். அறிவை அழிப்பதைவிட அதை அரண்மனைக்குள் பூட்டிவைப்பதே அவன் நோக்கம் போலும். அந்தப் பேரரசு பதினைந்தே ஆண்டுகளில் சரிந்தது.

அடுத்து வந்த ஹான் மரபை நிறுவிய லியூ பாங் உழவர் குடியில் பிறந்தவன். அவனுடைய படைத்தலைவர்கள் குடித்துவிட்டு அரசவையிலேயே கூச்சலிட்டு, வாளால் தூண்களை வெட்டுவார்களாம். ஷூசுன் துங் என்னும் கன்பூசிய அறிஞர், "இவர்களை நான் ஒழுங்குபடுத்துகிறேன்" என்று முன்வந்தார். லூ நாட்டு அறிஞர் முப்பது பேருக்கு மேல் துணைக்கு அழைத்தார். அவர்களுள் இருவர் மட்டும், பல தலைவர்களை முகத்துதி செய்து பிழைத்தவரோடு வரமாட்டோம் என்று மறுத்துவிட்டனர். அவர் சிரித்துவிட்டு மற்றவர்களோடு போனார். கி.மு. 200இல் புதிய முறைப்படி அவை கூடியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் நடுங்கி வணங்கினர். பேரரசனாய் இருப்பதன் பெருமையை இன்றுதான் அறிந்தேன் என்று லியூ பாங் மகிழ்ந்தானாம். ஆள்பவனைத் திருத்த வந்த முறைமை, ஆள்பவனை உயர்த்தும் ஏணியாகிவிட்டது! மறுத்த அந்த இருவரின் பெயரை வரலாறு நமக்குச் சொல்லவில்லை.

பேரரசர் வூ காலத்தில் (கி.மு. 141–87) கன்பூசிய நூல்கள் அரசின் பாடநூல்களாயின. கி.மு. 124இல் ஐம்பது மாணவருடன் பேரரசின் கல்விக்கழகம் தொடங்கிற்று. தேறியவர்க்கு அரசுப் பதவி கிடைத்தது. சட்டமோ பெரும்பாலும் சின் காலத்துச் சட்டங்களையே அடிப்படையாகக் கொண்டிருந்தது.

அப்படியானால் அரசனைக் கண்டிக்க வழியே இல்லையா? துங் சுங்ஷு என்னும் அறிஞர் ஒரு வழி கண்டார். வெள்ளம், பஞ்சம், சூரிய கிரகணம் எல்லாம் தவறு செய்யும் அரசனுக்கு வானம் விடுக்கும் எச்சரிக்கை என்று கற்பித்தார். மனிதன் சொன்னால் தலை போகும்; வானம் சொன்னால் யாரைத் தண்டிப்பது? கி.மு. 135இல் அரச மரபின் வழிபாட்டு மண்டபம் ஒன்று தீப்பற்றியபோது, அதன் பொருளை விளக்கி ஒரு வரைவு எழுதினார். அதை வேறொருவர் திருடிப் பேரரசரிடம் கொடுத்துவிட்டார். கருத்துரைக்க அழைக்கப்பட்டவர்களுள் துங்கின் சொந்த மாணவரும் ஒருவர். எழுதியது தம் ஆசான் என்றறியாமல், "மடமையிலும் மடமை" என்று அவர் தீர்ப்புக் கூறினார். மரணதண்டனை விதிக்கப்பட்ட துங்கைப் பேரரசர் மன்னித்தார். அதன் பின் அவர் இத்தகைய அறிகுறிகளைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

ஆயினும் வாய்கள் முழுதும் அடைபடவில்லை. கி.மு. 81இல் அறுபதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் அரண்மனைக்கு அழைக்கப்பட்டு, உப்பும் இரும்பும் அரசின் தனியுரிமையாய் இருப்பது உழவரை வருத்துகிறது என்று அமைச்சரின் முகத்திற்கு நேரே வாதிட்டனர். எல்லைக் காவலுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயமான கேள்வியே. மது விற்பனைத் தனியுரிமை மட்டும் நீங்கிற்று.

கல்விக்கழகத்தில் பயின்ற அனைவரும் ஆண்கள். ஆனால் மாணவியரே, பான் சாவ் என்னும் பெண்மணியை அறிவீர்களா? அண்ணன் பான் கு கி.பி. 92இல் சிறையில் இறந்தபின், அவர் முடிக்காமல் விட்ட ஹான் வரலாற்றைப் பேரரசரின் ஆணைப்படி தொடர்ந்தவர். பெண்களுக்கு அவர் எழுதிய அறிவுரை நூல் கணவனுக்கும் மாமியாருக்கும் பணிந்து நடக்கவே பெரிதும் சொல்கிறது. இன்று படித்தால் கசக்கும். எனினும் அதே நூலில், பையனுக்கு மட்டும் கல்வி தந்து பெண்ணுக்கு மறுப்பது என்ன முறை என்று கன்பூசிய நூல்களையே சான்றுகாட்டிக் கேட்கிறார். அவரிடம் பாடம் கேட்ட பேரரசி தெங், கி.பி. 106 முதல் 121 வரை சிறுவயது அரசர்களின் பெயரால் நாட்டை ஆண்டார். கி.பி. 119இல் அரச குடும்பத்தின் ஆண், பெண் குழந்தைகள் நாற்பது பேருக்கு மேல் சேர்த்து ஒரு பள்ளி வைத்தார். ஐந்து வயது முதல் சேர்க்கை. தேர்வு நாளில் மேற்பார்வை செய்ய அவரே வந்து அமர்ந்தார்.