சுதேசமித்திரன் கண்ட சுப்பிரமணிய ஐயர்

தஞ்சைக்கு வடக்கே, காவிரிக் கரையில் அமைந்த திருவையாறு இசையால் பெயர் பெற்ற ஊர். தியாகராச சுவாமிகள் 1847இல் அங்கேதான் மறைந்தார். அதற்கு எட்டாண்டுகளுக்குப் பின், 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள், அவ்வூரில் கணபதி தீட்சிதர் என்னும் வழக்கறிஞருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பிற்காலத்தில் ஜி. சுப்பிரமணிய ஐயர் என நாடறிய விளங்கியவர் அவரே.

நெல் விளையும் தஞ்சைத் தரணியில் அந்நாளில் ஆங்கிலக் கல்வியும் செழித்து வளர்ந்தது. தஞ்சையிலும் குடந்தையிலும் இருந்த கல்லூரிகளில் பயின்றோர், நீதிமன்றங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் சென்று அமர்ந்தனர். சுப்பிரமணியரும் தஞ்சாவூர்ச் செயிண்ட் பீட்டர்ஸ் கல்லூரியில் பயின்றார். ஆனால் அவர் உத்தியோகத்தை நாடவில்லை. சென்னைக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். பணியாற்றிக்கொண்டே தாமாகப் படித்து, 1877இல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார்.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்த ஒரு செய்தி அவரை எழுத்துத் துறைக்கு இழுத்து வந்தது. தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியைப் பெற்றது அதுவே முதன்முறை. அவரும் தஞ்சை மாவட்டத்தவர். இளமையில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் ஊதியத்திற்கு வேலை பார்த்தவர். ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் இந்நியமனத்தைக் கடிந்து எழுதின. அவற்றிற்கு மறுமொழி கூற இந்தியர்க்கெனச் சென்னையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை இல்லை. இக்குறையை உணர்ந்த திருவல்லிக்கேணி இளைஞர் அறுவர் ஒன்று கூடினர். ஆசிரியர் இருவர், சட்ட மாணவர் நால்வர். ஆசிரியருள் ஒருவர் சுப்பிரமணிய ஐயர். மற்றவர் அவருடைய நண்பர் வீரராகவாச்சாரியார். கடனாகப் பெற்ற ஒரு ரூபாய் பன்னிரண்டணாவைக் கொண்டு, 1878 செப்டம்பர் 20இல் 'இந்து' என்னும் வார இதழை எண்பது படிகள் அச்சிட்டு வெளியிட்டனர். சட்ட மாணவர் நால்வரும் விரைவில் தத்தம் தொழிலை நாடிப் பிரிந்தனர். எஞ்சிய இருவருமே இதழைச் சுமந்தனர். அது 1883இல் வாரம் மும்முறையும், 1889இல் நாள்தோறும் வெளிவரலாயிற்று.

1885 டிசம்பரில் பம்பாயில் முதல் காங்கிரசு மகாசபை கூடியது. எழுபத்திரண்டு பேர் அமர்ந்த அவ்வவையில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்து பேசியவர் சுப்பிரமணிய ஐயரே. இந்திய ஆட்சியின் நடைமுறையை ஆராய ஒரு விசாரணைக் குழு வேண்டும் என்பது அத்தீர்மானம்.

ஆயினும் ஆங்கிலம் அறிந்தோர் அந்நாளில் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். மன்னார்குடியிலும் திருவாரூரிலும் நிலவரி செலுத்திய உழவர்க்கு, அவ்வரியைக் கண்டித்து ஆங்கிலத்தில் எழுதிய தலையங்கம் எப்படி எட்டும்? பேசப்படுவது அவருடைய வரி. பேசப்படும் மொழியோ அவர் அறியாதது. 'இந்து' தொடங்கி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழை ஐயர் தொடங்கியதன் பொருள் இதுவே. அரசியலையும் பொருளியலையும் நாளும் பேசிப் பழகிய உரைநடை தமிழில் அன்று இல்லை. வரவுசெலவுத் திட்டம், ஏற்றுமதி, சட்டமன்ற விவாதம் ஆகியவற்றை எளிய வாசகர்க்கு விளங்கச் சொல்ல, சொற்களைத் தேடியும் ஆக்கியும் எழுத வேண்டியிருந்தது. இன்று அந்நடை வடசொல் மிகுந்து தோன்றலாம். ஆனால் இன்றைய செய்தித்தாள் தமிழ் நடந்து வந்த பாதை அங்கே தொடங்குகிறது.

விதவை மறுமணத்தையும் பெண் கல்வியையும் ஆதரித்து எழுதியவர் அன்று வேறு சிலரும் உண்டு. எழுத்து வேறு, இல்லம் வேறு என்று அவர்கள் வாழ்ந்தனர். ஐயரின் மூத்த மகள் இளவயதிலேயே கணவனை இழந்தாள். 1889இல் பம்பாயில் காங்கிரசு கூடியபோது, ஐயர் அம்மகளுக்கு அங்கேயே மறுமணம் செய்து வைத்தார். உறவினரும் சாதியாரும் அவரை விலக்கி வைத்தனர். அப்பகை இல்லத்தோடு நிற்கவில்லை. ஆசிரியரின் சீர்திருத்தக் கருத்துகளை வெறுத்த வாசகர் இதழை வாங்குவதைக் குறைத்தனர், கடன் பெருகிற்று. கணக்கைக் காத்த வீரராகவாச்சாரியாருக்கும் கொள்கையைக் காத்த ஐயருக்கும் வேற்றுமை முற்றியது. இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்; இதழ் நிலைத்தாலன்றிக் கொள்கை பேச இடமில்லை. 1898இல் கூட்டு முறிந்தது. ஐயர் 'இந்து'வை விட்டு நீங்கிச் சுதேசமித்திரனைத் தம்மொடு கொண்டார். 1905இல் 'இந்து'வை எழுபத்தையாயிரம் ரூபாய்க்கு வாங்கிய கஸ்தூரி ரங்க ஐயங்காரும் குடந்தையை அடுத்த இன்னம்பூரினரே.

பிரிந்த மறு ஆண்டே, 1899இல், சுதேசமித்திரன் நாளிதழாயிற்று. 1904 நவம்பரில் ஐயர் ஓர் இளைஞரைத் துணையாசிரியராக அமர்த்தினார். இருபத்திரண்டு வயது நிரம்பாத அவர், மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து வந்த சுப்பிரமணிய பாரதியார். ஆங்கிலத் தந்திச் செய்திகளைத் தமிழாக்குவது பாரதியாரின் பணி. தென்னாட்டுக் கவிஞர்க்கு உலகச் செய்தி நாள்தோறும் வந்து குவியும் மேசை அப்போது வாய்த்தது. 1906இல் பாரதியார் 'இந்தியா' வார இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

1908ஆம் ஆண்டில் அடக்குமுறை கடுமையாயிற்று. உடல்நலம் நாடிக் குற்றாலத்தில் தங்கியிருந்த ஐயர், அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். தொழுநோய் அவரை வருத்திக்கொண்டிருந்த காலம் அது. இனிக் கடுமையாக எழுதுவதில்லை என உறுதி எழுதிக் கொடுத்து அவர் விடுதலை பெற்றார். அக்காலத்தார் சிலர் இதனைக் குறை கூறினர். நோயின் கொடுமையையும், முப்பதாண்டு ஓயாத உழைப்பையும் அறிந்தோர் அவ்வாறு கூறத் துணியார்.

1915இல் சுதேசமித்திரன் அ. ரங்கசாமி ஐயங்காரின் பொறுப்புக்கு மாறியது. 1916 ஏப்பிரல் 18இல் சுப்பிரமணிய ஐயர் மறைந்தார். நான்காண்டுகளுக்குப் பின், புதுவை வாழ்வும் கடையத்து வாழ்வும் முடிந்து, 1920இல் பாரதியார் மீண்டும் சுதேசமித்திரன் அலுவலகத்திற்குத் துணையாசிரியராக வந்தபோது, அவரை முதன்முதல் அங்கு அழைத்து வந்தவர் இல்லை.